வழக்கறிஞர் வரிசையிலிருந்து நீதிபீடத்திற்கு

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் பேசப்படுவதே வழக்கம். அவ்வாறிருக்க, பள்ளி இறுதி வகுப்புடன் படிப்பை நிறுத்தி இரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாய்க் கோப்புகளோடு காலங்கழிக்கும் நாம், நீதிபதிகளைப் பற்றிப் பேச முன்வந்தது ஏன் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். காரணம் எளியது. நம்மில் பலர் அரசாங்க ஊழியர், சிலர் வியாபாரிகள், சிலர் ஓய்வூதியம் பெறுவோர். வீட்டு வாடகைத் தகராறு, பதவி உயர்வு வரிசை, ஓய்வூதியக் கணக்கு, மாமனார் விட்டுச்சென்ற நிலம் என்று ஏதேனும் ஒன்று பற்றி நம்முள் ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் நீதிமன்றப் படி ஏறுகிறார். படி ஏறுபவர், மேலே அமர்ந்திருப்பவர் அவ்விடத்திற்கு எவ்வாறு வந்தார் என்பதை அறிந்திருத்தல் நன்று. அவரை அங்கே அமர்த்தியவர் யார்? அரசா, மற்ற நீதிபதிகளா, அல்லது நம்மைப் போன்ற வாக்காளரா? இக்கேள்விக்கு உலகம் ஒரே விடை கூறவில்லை. அவ்விடைகளை ஒப்பிட்டு நோக்குவதே இன்றைய நம் பணி.

முதலில் மேல்முறையீடு என்பது யாது எனக் காண்போம். கீழ்க்கோர்ட்டில் சாட்சி கூண்டேறுகிறது, பத்திரங்கள் காட்டப்படுகின்றன, குறுக்கு விசாரணை நடக்கிறது. மேல்முறையீட்டில் பெரும்பாலும் இவை எதுவும் இல்லை. அங்கே சாட்சி வருவதில்லை. சாட்சி கூறியதைப் பதிந்த காகிதமே வருகிறது. கோப்பில் இல்லாதது உலகத்தில் இல்லை என்பதே அவ்விடத்துப் பொது விதி. நம் போன்ற குமாஸ்தாக்களுக்கு இது நன்கு விளங்கும். எத்துணைப் பெரிய உண்மையாயினும் குறிப்புத்தாளில் எழுதப்படாவிட்டால் மேலதிகாரி கண்ணில் அது படாது. மேல்முறையீட்டு வழக்கறிஞர் என்பவர் அத்தகைய காகிதக் கட்டை வரிக்கு வரி படித்து, கீழ்க்கோர்ட்டார் எவ்விடத்தில் வழி தவறினார் என்று காட்டுபவர். குரலை உயர்த்துவதால் அங்கே பயனில்லை. சொத்து வழக்கில் முதல் மேல்முறையீடு உரிமையாகக் கிடைக்கிறது. இரண்டாவது மேல்முறையீடோ, 1976ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தாலன்றி ஏற்கப்படுவதில்லை.

பொறுமை, காகிதத்தைக் கூர்ந்து படிக்கும் கண், எதிர்க்கட்சியின் வாதத்தையும் முழுதும் உணரும் மனம் ஆகிய இம்மூன்றும் நீதிபதிக்கும் வேண்டிய குணங்களே. ஆகவேதான் நாடெங்கும் மேல்முறையீட்டு வழக்கறிஞர் வரிசை நீதிபதிகளின் நாற்றங்காலாக விளங்கி வருகிறது.

நம் தமிழ்நாட்டில் இந்தப் பாதையின் தொடக்கத்தில் நிற்கும் பெயர் சர் டி. முத்துசாமி ஐயர். தஞ்சை ஜில்லாவில் 1832இல் பிறந்து, இளமையில் தந்தையை இழந்து, மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் கிராமக் கணக்கு வேலை பார்த்தவர் அவர். அவருடைய அறிவைக் கண்டு பரிவு கொண்ட தாசில்தார் ஒருவர் படிக்க வைத்தார். பின்னர் ஜில்லா முன்சீப், சப்ஜட்ஜ், சென்னைப் போலீஸ் மாஜிஸ்திரேட்டு, சிறு வழக்கு நீதிமன்ற நீதிபதி எனப் படிப்படியாய் ஏறி, 1878இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். 1893இல் சிறிது காலம் தலைமை நீதிபதிப் பொறுப்பும் வகித்தார். அவருடைய சலவைக்கல் உருவம் இன்றும் அம்மன்றக் கட்டடத்துள் அமர்ந்திருக்கிறது. ஒரு ரூபாய்க் குமாஸ்தாவின் வரலாற்றை நம் போன்றவர் பெருமையோடு நினைப்பதில் வியப்பில்லை. ஆயினும் அவரைத் தேர்ந்தது மக்கள் அல்லர். கடல் கடந்த ஆட்சி. அவ்வாட்சி விரும்பாதிருப்பின் அவ்வறிவு முன்சீப் கோர்ட்டிலேயே முடிந்திருக்கும்.

இனி, நாம் வாழும் இவ்வூருக்கு வருவோம். மூசி ஆற்றின் தென்கரையில், செந்நிறக் கல்லும் குவிமாடங்களுமாய் நிற்கும் உயர்நீதிமன்றத்தை அறியாதவர் நம்மில் இல்லை. ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் காலத்தில், 1920இல் திறக்கப்பட்ட கட்டடம் அது. அந்நாளில் அங்கே நீதிமன்ற மொழி உருது. 1956 நவம்பரில் ஆந்திரப் பிரதேசம் உருவானபோது, குண்டூரில் 1954 முதல் இயங்கிய ஆந்திர உயர்நீதிமன்றமும் ஹைதராபாத் உயர்நீதிமன்றமும் ஒன்றாகி இக்கட்டடத்தில் குடியேறின. 2019 ஜனவரி 1 முதல் ஆந்திரத்திற்குத் தனி மன்றம் ஏற்பட்டு, இது தெலங்கானா உயர்நீதிமன்றமாயிற்று.

குண்டூரிலும் பின்னர் ஹைதராபாத்திலும் முதல் தலைமை நீதிபதியாய் அமர்ந்தவர் கோகா சுப்பாராவ். இராஜமகேந்திரபுரத்தில் 1902இல் பிறந்தவர். சென்னைச் சட்டக் கல்லூரியில் பயின்றவர். சென்னை உயர்நீதிமன்ற வழக்கறிஞராய்ப் பெயர் பெற்று, 1948இல் அங்கேயே நீதிபதியானார். 1958இல் உச்ச நீதிமன்றம் சென்றார்; 1966 ஜூன் 30ஆம் நாள் இந்தியத் தலைமை நீதிபதியானார். இது வரையில் இவர் கதை பலர் கதையைப் போன்றதே. அதற்கு மேல் நடந்ததே நம் பொருளுக்கு இன்றியமையாதது. 1967 ஏப்ரல் 11ஆம் நாள் அவர் அப்பதவியைத் துறந்தார். எதிர்க்கட்சிகளின் வேட்பாளராய்க் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். டாக்டர் ஜாகிர் உசேனுக்குக் கிடைத்த வாக்குகளின் மதிப்பு 4,71,244; சுப்பாராவ் பெற்றது 3,63,971. அவர் தோற்றார்.

இதனை நன்று என்பாரும் உளர். தீது என்பாரும் உளர். அவ்வாண்டு பிப்ரவரி 27ஆம் நாள்தான், கோலக்நாத் வழக்கில் ஆறு பேருக்கு ஐந்து பேர் என்ற பெரும்பான்மையால், அடிப்படை உரிமைகளைக் குறைக்கப் பாராளுமன்றத்திற்கு அதிகாரம் இல்லை எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. அப்பெரும்பான்மைக்குத் தலைமை தாங்கியவர் அவரே. ஏப்ரல் 10ஆம் நாள், கடவுச்சீட்டு வழக்கில், வெளிநாடு செல்வது தனி மனித உரிமையைச் சார்ந்தது எனத் தீர்ப்பளித்த அமர்விலும் அவர் இருந்தார். மறுநாள் பதவி துறந்தார். தீர்ப்பின் நேர்மையில் மாசு இல்லை என்று நாம் நம்பலாம். ஆயினும் தோற்ற கட்சிக்காரரின் மனத்தில், “இவர் அன்றே தேர்தலை நினைத்திருந்தாரோ?” என்ற ஐயம் எழுந்தால், அதை எவ்வாறு அகற்றுவது? நீதி செய்வதோடு, செய்யப்படுவது பிறர் கண்ணுக்குத் தோன்றவும் வேண்டும் என்பது சட்டத்தார் போற்றும் கொள்கை. நீதிபீடத்திற்கும் தேர்தல் மேடைக்கும் நடுவே ஒரே ஓர் இரவு இருந்தால் அக்கொள்கை தடுமாறுகிறது.

இதற்கு எதிர்த்திசையில் நடந்த ஒருவரும் உண்டு. பாலக்காட்டில் 1914இல் பிறந்த வி. ஆர். கிருஷ்ண ஐயர், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த தலைச்சேரியில் வழக்கறிஞர் தொழில் செய்தவர். 1952இல் சென்னைச் சட்டசபைக்கும், 1957இல் கேரளச் சட்டசபைக்கும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1957 முதல் 1959 வரை கேரளத்தில் மந்திரியாயிருந்தார். பின்னர் அரசியலை விட்டு மீண்டும் வழக்காடி, 1968இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியும், 1973இல் உச்ச நீதிமன்ற நீதிபதியும் ஆனார். மந்திரியாயிருந்தவர் நீதிபதியாவதா என்று வழக்கறிஞர்களில் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

அவருக்குச் சோதனை வந்த நாள் 1975 ஜூன் 24. பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என அலகாபாத் உயர்நீதிமன்றம் ஜூன் 12ஆம் நாள் தீர்ப்பளித்திருந்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் வந்தபோது கோடை விடுமுறை. விடுமுறை நீதிபதி கிருஷ்ண ஐயர். தீர்ப்பை முற்றிலும் நிறுத்திவைக்க வேண்டும் என்பது பிரதமர் தரப்பு வேண்டுகோள். அவர் நிபந்தனையோடு மட்டுமே நிறுத்திவைத்தார். பிரதமராய்த் தொடரலாம், சபையில் வாக்களித்தல் கூடாது என்றார். மறுநாள் இரவு நாட்டில் நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. தேர்தலின் சுவையறிந்த ஒருவர், தேர்தலால் வந்த அதிகாரத்தின் முன் நடுங்காமல், கூட்டவும் குறைக்கவும் இன்றிச் சட்டம் கூறியதைச் செய்தார். அரசியலிலிருந்து வந்தவர் என்பதால் மட்டும் ஒருவர் நடுநிலை தவறுவார் என்று கூறுதல் சரியன்று என்பதை இது காட்டுகிறது. அவரும் ஓய்வுக்குப் பின், 1987இல், குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று ஆர். வெங்கட்ராமனிடம் தோற்றார் என்பதையும் இங்கே குறிப்பிடலாம். பதவி விட்டு ஆறாண்டுகளுக்கு மேல் கழிந்த பின் நின்றதால், அது பற்றி எவரும் ஐயுற இடமில்லை.

அன்பர்களே, இவ்விருவரும் நீதிபதிப் பதவிக்கு நியமனத்தால்தான் வந்தனர். ஆனால் உலகத்தில் நீதிபதியையே வாக்குச் சீட்டால் தேர்ந்தெடுக்கும் நாடும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் மத்திய நீதிபதிகளை ஜனாதிபதி நியமிக்கிறார். செனட் சபை ஒப்புகிறது. அந்நாட்டு மாநிலங்களின் நீதிபதிகள் கதை வேறு. 1832இல் மிஸ்ஸிஸிப்பி மாநிலம் தன் நீதிபதிகள் அனைவரையும் மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என விதி செய்தது. பின்னர்ப் பல மாநிலங்கள் அவ்வழியே சென்றன. இன்று 50 மாநிலங்களில் பெரும்பாலானவற்றில் ஏதோ ஒரு வகையில் நீதிபதிகள் வாக்காளர் முன் வருகின்றனர். சில மாநிலங்களில் கட்சிச் சின்னத்துடன் நிற்கின்றனர். சிலவற்றில் கட்சிப் பெயர் இன்றி நிற்கின்றனர். மிசூரி மாநிலம் 1940இல் மற்றொரு வழி கண்டது. அங்கே ஒரு குழு தகுதியானவர் பெயர்களைத் தருகிறது, கவர்னர் ஒருவரை நியமிக்கிறார், சில காலம் கழித்து, “இவர் நீடிக்கலாமா?” என்ற ஒரே கேள்வி வாக்காளரிடம் கேட்கப்படுகிறது.

இத்தகைய மாநிலத்தில் ஒரு மேல்முறையீட்டு வழக்கறிஞர் நீதிபதியாக விரும்பினால் என்ன செய்வார்? வேட்பு மனு தாக்கல் செய்வார், நிதி திரட்டுவார், ஊர் ஊராய்ச் சென்று கை குலுக்குவார், தொலைக்காட்சியில் விளம்பரம் செய்வார். அவ்விளம்பரத்திற்குப் பணம் தருபவர் யார் என்பதே அங்கே பெருங்கேள்வி.

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் நடந்தது ஒன்றைக் கேளுங்கள். ஒரு நிலக்கரிக் கம்பெனி மற்றொரு சிறு கம்பெனியை ஏமாற்றிக் கெடுத்தது என்று ஜூரிகள் கண்டு, 5 கோடி டாலர் நஷ்ட ஈடு விதித்தனர். மேல்முறையீடு அம்மாநில உச்ச நீதிமன்றத்திற்குச் செல்ல இருந்தது. அதற்குள் 2004இல் அந்நீதிமன்றத்திற்குத் தேர்தல் வந்தது. நீதிபதியாய் முன் அனுபவம் இல்லாத பிரெண்ட் பெஞ்சமின் என்ற வழக்கறிஞர் போட்டியிட்டார். நிலக்கரிக் கம்பெனியின் தலைவர் அவர் வெற்றிக்காகச் சுமார் 30 இலட்சம் டாலர் செலவு செய்தார். பெஞ்சமின் வென்றார். பின்னர் அந்தக் கம்பெனியின் மேல்முறையீடு வந்தபோது விலகிக்கொள்ள மறுத்தார்; மூவருக்கு இருவர் என்ற கணக்கில் நஷ்ட ஈடு தள்ளுபடியாயிற்று. தோற்றவர் மத்திய உச்ச நீதிமன்றம் சென்றார். 2009இல், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், அந்நீதிபதி அவ்வழக்கில் அமர்ந்திருக்கலாகாது என்று தீர்ப்பாயிற்று. பணம் வாங்கிக்கொண்டு தீர்ப்பளித்தார் என்று எவரும் நிரூபிக்கவில்லை. ஒரு தட்டில் கட்சிக்காரரின் பணம் இருப்பதை ஊர் முழுதும் அறிந்த பிறகு, தராசு நேராய் நிற்கிறது என்று யார் நம்புவார் என்பதே அங்கே எழுந்த கேள்வி. 2025 ஏப்ரலில் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றத்தின் ஓர் இடத்திற்கு நடந்த தேர்தலில், இரு தரப்பிலும் சேர்த்துச் சுமார் 10 கோடி டாலர் செலவாயிற்று.

இவற்றைக் கேட்டதும், தேர்தல் முறை முற்றிலும் கொடியது என்று முடிவு கட்டிவிடலாகாது. அதன் மறுபக்கமும் உண்டு. கேரளத்துக் காசர்கோட்டுப் பகுதியில் பிறந்து, சிறு வயதில் பீடி சுற்றிப் பிழைத்த சுரேந்திரன் பட்டேல் என்பவர், இங்கே வழக்கறிஞராகி, பின்னர் 2007இல் அமெரிக்கா சென்று, அங்கும் சட்டம் பயின்று, 2022இல் டெக்சாஸ் மாநிலத்தில் மாவட்ட நீதிபதியாய் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார். குலமும் உறவும் பழைய அலுவலகத் தொடர்பும் இல்லாத ஓர் அயல்நாட்டார், வீடு வீடாய்ச் சென்று வாக்குக் கேட்டு நீதிபீடம் ஏறினார். நம் நாட்டு முறையில் அத்தகையவருக்குக் கதவைத் திறப்பவர் யார்?

நம் முறையையும் நேர்மையாய் நோக்க வேண்டும் அல்லவா? அரசியல் சட்டத்தின் 217ஆம் பிரிவு, உயர்நீதிமன்ற நீதிபதியாக ஒருவர் இந்தியக் குடிமகனாய் இருத்தல் வேண்டும், உயர்நீதிமன்ற வழக்கறிஞராய்ப் பத்தாண்டு தொழில் செய்திருத்தல் வேண்டும், அல்லது நீதித்துறைப் பதவியில் பத்தாண்டு இருந்திருத்தல் வேண்டும் என்கிறது. இவ்வளவே சட்டம் கேட்கும் தகுதி. ஆயினும் இத்தகுதி உடையவர் ஆயிரக்கணக்கில் இருக்க, அவருள் ஒருவரை எடுப்பது யார்? 1993ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு முன் அரசாங்கத்தின் கை ஓங்கியிருந்தது. அத்தீர்ப்பாலும் 1998இல் உச்ச நீதிமன்றம் அளித்த விளக்கத்தாலும் நீதிபதிகளின் கை ஓங்கியது. இப்பொழுது உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியும் அடுத்த மூத்த நீதிபதிகள் இருவரும் கூடிப் பெயரைப் பரிந்துரைக்கின்றனர். மாநில அரசின் கருத்து, உளவுத்துறையின் விசாரணை, மத்திய அரசின் குறிப்பு ஆகியவற்றோடு அது உச்ச நீதிமன்றத்தின் மூத்த நீதிபதிகள் குழுவிடம் செல்கிறது. அவர்கள் இசைந்த பின், குடியரசுத் தலைவர் கையொப்பமிட்ட ஆணை வருகிறது. இம்முறையை மாற்றி ஓர் ஆணையம் அமைக்கப் பாராளுமன்றம் 2014இல் சட்டம் செய்தது. 2015 அக்டோபர் 16ஆம் நாள், நால்வருக்கு ஒருவர் என்ற கணக்கில், உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கிற்று.

இம்முறையில் வாக்குச் சேகரிப்பு இல்லை, சுவரொட்டி இல்லை, முதலாளியிடம் நன்கொடை பெறும் இழிவு இல்லை. ஆயினும் மூடிய அறையில் நடக்கும் தேர்வில், அறைக்குள் இருப்போர் அறிந்த முகங்களே முன்னிற்கும் என்ற குறை உண்டு. சுப்பாராவ் அவர்களின் மாமனார் வெங்கடரமண ராவ் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்தவர், மைத்துனர் பி. வி. இராஜமன்னார் அம்மன்றத் தலைமை நீதிபதியாயிருந்தவர். மூவரும் பெருந்தகுதி படைத்தவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே தகுதியுடன், எந்தப் பெரிய வக்கீலின் அலுவலகத்திலும் இடங்கிடைக்காமல், முன்சீப் கோர்ட்டு மரத்தடியில் நின்று நரைத்தவர் எத்தனை பேரோ! அவர்களின் கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை.

ஆக, ஒரு முறையில் பணமும் கூட்டமும் நீதிபதியை நெருங்குகின்றன. மற்றொன்றில் பழக்கமும் உறவும் நெருங்குகின்றன. இவ்விரண்டில் எதனை ஏற்பது?

இவ்விடத்தில், இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கும் நாம் யார் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். நாம் பிழைப்பு நாடி இந்நகரம் வந்தவர். தெலுங்கும் உருதும் பேசும் பெருமக்கள் நம்மை அன்போடு ஏற்று வாழவைத்திருக்கின்றனர். அந்நன்றியை நாம் மறத்தலாகாது. எனினும், எண்ணிக்கையில் நாம் சிறுபான்மையினர். எந்தத் தொகுதியிலும் நம் வாக்கு முடிவைத் தீர்மானிக்கும் அளவில் இல்லை. நம்மைப் போன்ற ஒருவருக்கும், உள்ளூர்ச் செல்வாக்கு மிக்க ஒருவருக்கும் வழக்கு என்று வையுங்கள். அடுத்த ஆண்டு வாக்குக் கேட்க வேண்டிய நீதிபதி ஒருவர் அதை விசாரிக்கிறார் என்றும் வையுங்கள். அவர் நேர்மையாளராகவே இருக்கலாம். ஆனால் நமக்கு அன்றிரவு உறக்கம் வருமா? இதே கேள்வி தமிழ்நாட்டில் வாழும் தெலுங்கருக்கும், பம்பாய்த் தமிழருக்கும், ஊரில் நான்கே வீடு உள்ள எந்தச் சாதியாருக்கும் பொருந்தும். சட்டசபைக்குச் செல்பவர் பெரும்பான்மையோரின் குரலாய் ஒலிப்பது முறை. நீதிபதியோ, தனித்து நிற்பவன் கூறுவதையும் கேட்க வேண்டியவர்.

சுப்பாராவ் அவர்களின் வாழ்விலிருந்தே இதற்குச் சான்று காட்டலாம். உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்ற ஒருவரைக் கொள்ளை வழக்கில் பிடித்துச் சான்று இன்மையால் விட்டுவிட்டனர். ஆயினும் போலீசார் அவர் வீட்டை விடாது கண்காணித்து, இரவிலும் கதவைத் தட்டி எழுப்பி வந்தனர். அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1962 டிசம்பரில் வந்த தீர்ப்பில், இரவு நேரச் சோதனை செல்லாது என்பதில் நீதிபதிகள் ஒன்றுபட்டனர். ஆயினும், தனி மனிதனின் அந்தரங்கம் அரசியல் சட்டம் காக்கும் உரிமை அன்று எனப் பெரும்பான்மையோர் கூறினர். சுப்பாராவ், நீதிபதி ஷாவுடன் சேர்ந்து, அதுவும் சுதந்திரத்தின் பகுதியே என மாறுபட்டு எழுதினார். சந்தேகக் குற்றவாளி என்று போலீசார் பட்டியலில் உள்ள ஒருவருக்காக இவ்வாறு எழுதுபவருக்கு எந்த ஊரில் வாக்குக் கிடைக்கும்? 1976இல் அவர் மறைந்தார். 2017 ஆகஸ்டு 24ஆம் நாள், ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாய்த் தீர்ப்பளித்து, அவர் கொண்ட கருத்தையே சரியெனக் கொண்டது. நாட்டில் ஒவ்வொருவரும் பெற்ற அவ்வுரிமைக்கு வித்திட்டது, வாக்குக்கு அஞ்ச வேண்டாத ஒரு நீதிபதியின் பேனா. அதே மனிதர் பின்னர் வாக்குக் கேட்டுச் சென்று தோற்றார் என்பதை இத்தோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

ஆதலின் நீதிபதியைத் தேர்தலில் நிறுத்த வேண்டாம் என்பதே நம் முடிபு. ஆனால் மூடிய அறையும் மூடியே இருத்தல் வேண்டாம். நம் முன்னோர் இதற்கு ஒரு குறிப்பு விட்டுச் சென்றிருக்கின்றனர். உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுப்பது குடவோலையால். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஊரார் முன்னிலையில் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். அதற்கு முன்னரே தகுதியும் தகுதியின்மையும் கல்லில் வெட்டி வைத்தனர். வயது 35க்கு மேல், 70க்குள். முன் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. அம்முறையிலும் நிலமும் கல்வியும் உடையாருக்கே இடம் இருந்தது என்பது உண்மை. அதை அப்படியே இன்று கொள்ள இயலாது. ஆயினும், விதி எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதப்பட்டிருந்தது. உறவுக்குத் தடை இருந்தது. தேர்வு ஊரார் கண்முன் நடந்தது. இம்மூன்றையும் இன்றைய நியமன முறையில் ஏற்றினால், வாக்குச் சாவடி இன்றியே மக்களின் நம்பிக்கையைப் பெறலாம். ஒரு வழக்கறிஞரை ஏன் எடுத்தனர், மற்றவரை ஏன் விடுத்தனர் என்பது ஓரளவேனும் எழுத்தில் வெளிவருதல் வேண்டும். நம் அலுவலகத்தில் ஒரு பியூனை நியமிப்பதற்கும் குறிப்புத்தாளில் காரணம் எழுதுகிறோமே!

இனி இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வீட்டுப் பிள்ளைகளை இஞ்சினீயர் ஆக்குகிறோம்; கணிப்பொறித் துறைக்கு அனுப்புகிறோம். “சட்டம் படிக்கிறேன்” என்று ஒரு பெண்ணோ பையனோ கூறினால், “சோறு போடுமா?” என்று கேட்டுவிடுகிறோம். முதல் ஐந்தாறு ஆண்டு அத்தொழில் சரியாய்ச் சோறு போடுவதில்லை என்பதும் உண்மையே. இளைய வழக்கறிஞருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பயணச் செலவுக்கே போதாது. நீதிபதியானாலோ, 2016 முதல் உயர்நீதிமன்ற நீதிபதிக்கு விதிக்கப்பட்ட மாதச் சம்பளம் 2,25,000 ரூபாய். நமக்கு அது பெருந்தொகை. புகழ்பெற்ற வழக்கறிஞருக்கோ ஒரு நாள் வருமானம். 62 வயதில் ஓய்வு. அதன் பின் தாம் அமர்ந்த அதே மன்றத்தில் வழக்காடவும் கூடாது. இத்தனையும் அறிந்தே சிலர் அப்பாதையில் செல்கின்றனர்.

அவ்வாறு சென்ற தமிழர் ஒருவர் நம் நகரத்திற்கே வந்தார். மன்னார்குடியில் பிறந்த வி. இராமசுப்பிரமணியன், 1983இல் வழக்கறிஞராய்ப் பதிவு செய்து, 23 ஆண்டுகள் சென்னையில் வழக்காடி, 2006இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார். 2016இல் மாறுதலாகி ஹைதராபாத் உயர்நீதிமன்றம் வந்து, மூசிக்கரையில் மூன்றாண்டு நீதி வழங்கினார். 2019இல் இமாசலப் பிரதேசத் தலைமை நீதிபதியாகி, அவ்வாண்டே உச்ச நீதிமன்ற நீதிபதியாய் உயர்ந்து, 2023இல் ஓய்வு பெற்றார். காவிரிக் கரையில் பிறந்தவரை மூசிக் கரைக்கும் இமயச் சாரலுக்கும் அனுப்பும் இம்முறையில் ஒரு நன்மை உண்டு. அவ்வூர்களில் அவருக்கு உறவினர் இல்லை, கடன்பட்டவரும் இல்லை.

தெலங்கானா உயர்நீதிமன்றத்தின் நீதிபதி இடங்கள் 2021இல் 24லிருந்து 42ஆக உயர்த்தப்பட்டன. அவ்விடங்களில் எவர் அமர்வார் என்பது, இருபது ஆண்டுகளுக்கு முன் சட்டக் கல்லூரியில் எவர் சேர்ந்தார் என்பதைப் பொறுத்தது. அவ்வாறே, இன்று நம் வீடுகளில் எடுக்கும் முடிவு 2045ஆம் ஆண்டின் நீதிபீடத்தைத் தீர்மானிக்கும். நமக்கு அங்கே வாக்குச் சீட்டு இல்லை. பிள்ளைகளைப் படிக்க வைப்பதே நம் கையிலுள்ள ஓலை. முத்துசாமி ஐயருக்கு ஒரு தாசில்தார் வாய்த்தார். இச்சங்கத்தில் அவ்வாறு நான்கு பேர் முன்வந்து, சட்டம் படிக்கும் ஏழைப் பிள்ளை ஒருவருக்குப் புத்தகச் செலவையும், முதல் மூன்றாண்டுத் தொழிற்காலத்தில் அறை வாடகையையும் ஏற்பார்களானால், இம்மலரில் அச்சேறும் நம் சொற்கள் வீண் போகாது. செயற்குழு அடுத்த கூட்டத்தில் இதனை எடுத்துக்கொள்ள வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம். நம் பங்காக, மாதந்தோறும் இயன்றதைத் தர இசைகிறோம்.